ஓட்டோவுக்குப் பின்னால் நின்ற அம்பயர்

ஏறாவூர்
05.08.2025, செவ்வாய்

அன்ரோ,

பெரிய செய்தி, மூச்சு விடாமல் சொல்கிறேன்: நீ எங்கள் பேஸ்போல் கப்பைப் பறித்த வீடியோ இன்று காலையோடு ஆயிரத்து நானூறு ஷெயார் தாண்டி, வாவியைத் தாண்டி, கொழும்பையும் தாண்டி, கட்டாரில் என் சின்ன மாமாவின் ரூமுக்கே போய்விட்டது.

வட்ஸ்அப்பில் சொல்லியிருப்பேன். நீதான் எல்லா இடத்திலும் என்னை புளொக் பண்ணி வைத்திருக்கிறாய். அதனால் ஏ.எல். பரீட்சைக்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன். விரல் நோகிறது. என் ராத்தா ஸுஹைனா இதைக் கெம்பஸில் உன் தங்கை டினுஷாவிடம் கொடுப்பாள். "உங்க ரெண்டு பேருக்கும் நாங்க என்ன தபால்காரிகளா?" என்று கேட்டாள். ஐஸ்கிரீமுக்குப் பேசி முடித்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஃபைனலிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கடைசி இன்னிங்ஸ்தான் ஓடுகிறது. காத்தான்குடி ஏழு, நாங்கள் ஆறு. எங்களில் இரண்டு பேர் அவுட். மூன்றாம் பேஸில் ஒருவன், இரண்டாம் பேஸில் ஒருவன். கெப்டன் பஸ்லான் அடித்த அடி வாவிப் பக்கம் உருண்டு நாணல் வரைக்கும் போனது. இரண்டு பேரும் ஓடி வந்து ஹோமை மிதித்தார்கள். எட்டுக்கு ஏழு. முதல் தரமாக ஏறாவூருக்குக் கப்.

திரும்பிப் பார்த்தால் நீ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். "டைம். பாங்கு சொல்லிட்டாங்க. அடி செல்லாது."

பாங்கு கேட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது எங்கள் மைதானத்து ரூல்தான். உலகத்தில் எந்த பேஸ்போல் புத்தகத்திலும் இல்லாத ரூல். அதை எழுதும்போது நானும் கை தூக்கினேன், ஓம். ஆனால் அவர்கள் ஹோமை மிதித்த பிறகுதான் பாங்கு. நான் பக்கத்தில் நின்று லைவ் போட்டுக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாதா? தொழுதுவிட்டு வந்தால் மைதானத்தில் லைட் இல்லை, இருட்டு, பழைய ஸ்கோரே முடிவு. ஒரு சீசன் முழுக்க வெயிலில் காய்ந்து ஓடியதை நீ இரண்டு கையால் முடித்துவிட்டாய்.

மற்றொன்று. தீர்ப்பைச் சொல்லிவிட்டு எங்கள் ஓட்டோவுக்குப் பின்னால் போய் ஏன் ஒளிந்தாய்? பாட்டுப் போடுகிற ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்துகொண்டு, பஸ்லான் கேட்கக் கேட்க வாயே திறக்கவில்லையே. அதுவும் வீடியோவில் இருக்கிறது. மேலே நான் "கள்ளன் போகும் வழி" என்று போட்டிருக்கிறேன்.

பஸ்லான் லீக்குக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டான், என் வீடியோவோடு. பதினேழாம் திகதி கூட்டம். கொழும்பில் நடக்கிற அம்பயர் பயிற்சிக்கு உனக்குத் தருவதாக இருந்த சிபாரிசை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. ஆனால் கவலையும் இல்லை.

எனக்கு ஒரு பதில் மட்டும் வேண்டும். ஏன்டா?

இஷாம்


தன்னாமுனை
07.08.2025

இஷாம்,

உன் கடிதம் கிடைத்தது. டினுஷா ஐஸ்கிரீமையும் சாப்பிட்டுவிட்டுத்தான் தந்தாள்.

முதலில் ஒன்று. நேற்று அப்பா சந்தைக்குப் போனபோது மீன்காரர் கேட்டாராம், "யோசேப்பண்ணே, பாங்கை வெச்சு விளையாட்டுக் காட்டின பொடியன் உங்கட மகனாமே?" அப்பா மீன் வாங்காமல் வந்துவிட்டார். அம்மா உன் பேஜில் கொமென்ட் எல்லாவற்றையும் வாசித்தாள். வேண்டாம் என்று போனைப் பறித்தேன், அயல்வீட்டுப் போனில் வாசித்தாள். பேஸ்போலைப் பற்றி அங்கே பத்துக் கொமென்ட்தான். மற்றதெல்லாம் நான் யார், எந்தக் கோயில், என்னை ஏன் ஏறாவூருக்குள் விட்டார்கள் என்று. நீ அதில் எதையும் அழிக்கவில்லை.

எங்கள் அணி அரையிறுதியில் தோற்றதால்தான் நான் அம்பயராக நின்றேன். தோற்ற அணியிலிருந்து அம்பயர் எடுப்பது லீக் வழக்கம். இரண்டு கெப்டனும் வந்து கேட்டார்கள். "நீ நிண்டா ஆரும் கதைக்க மாட்டானுகள்" என்று பஸ்லான்தான் சொன்னான்.

பாங்கு கேட்டது. நிற்பாட்டினேன். முன்னால் ஓடி வந்தவன் அப்போது மூன்றாம் பேஸுக்கும் ஹோமுக்கும் நடுவில். உங்கள் ரூல், நான் காப்பாற்றினேன்.

நீ வீடியோவில் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டிருக்கிறாய். பாட்டை எடுத்துவிட்டுக் கேள்.

ஓட்டோவுக்குப் பின்னால் நின்றது பற்றிக் கேட்காதே. ஸுஹைனா அக்காவுக்கு என் சலாம் சொல். உன்மேல்தான் கோபம் என்றும் சொல்.

அன்ரோ


ஏறாவூர்
11.08.2025

அன்ரோ,

உட்கார்ந்து வாசி. நின்றுகொண்டு வாசிக்கிற கடிதம் இல்லை இது.

பாட்டை எடுத்துவிட்டுக் கேட்டேன். நீ சொன்னது சரி. பாங்கின் முதல் சொல் வரும்போது எங்கள் ஆள் பாதி வழியில்தான் வருகிறான். என் காதால் கேட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டேன். அங்கே நின்று லைவில் கத்தியவன் நான். என் சத்தத்திலேயே எனக்குப் பாங்கு பிந்திக் கேட்டிருக்கிறது. அந்தக் கொமென்டுகளையும் அழித்தேன். பிந்திவிட்டது, தெரியும்.

ஆனால் இதுவல்ல அதிர்ச்சி.

என் பேஜில் சில பேர், மோதினார்தான் பாங்கை முந்திச் சொல்லிவிட்டார் என்று எழுதத் தொடங்கினார்கள். மைதானத்துப் பள்ளிவாசல் மோதினார் மஜீட் மாமாவை உனக்குத் தெரியும், இன்னிங்ஸ் இடைவேளையில் நமக்குத் தண்ணீர் போத்தல் தருகிறவர். நேற்று நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வாப்பா கதிரை போட்டார், அவர் உட்காரவில்லை.

"டேய் இஷாம். ஒண்ட பேஜ்ல நான் பாங்கை முந்திச் சொன்னதா எழுதிக் கிடக்காம்?"

"நான் எழுதல்ல மாமா, கொமென்ட்ல ஆரோ."

"ஆரோவா. கேளு மனே, அண்டைக்கு நான் மைக்கைப் போடக்குள்ள பொடியனுகள் பாதிப் பேர் தண்ணிப் பைப்படிக்கு வந்திட்டானுகள். மத்தப் பாதி அந்த அம்பயர்ப் பொடியனோட சண்டை. நானே நெனச்சன், இண்டைக்கு என்ன புதினம், பாங்குக்கு முதல் வந்து நிக்கிறானுகள், உலகம் முடியப் போகுதா எண்டு."

அன்ரோ, இது எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. மஜீட் மாமா பாங்கு சொன்னது நீ டைம் சொன்ன பிறகு.

எங்கள் ஊரில் நாலு பக்கமும் பள்ளி. ஒன்று முடிய ஒன்று கேட்கும், யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? மற்றப் பள்ளிகளுக்கும் சைக்கிளில் போய்க் கேட்டேன். எல்லாரும் மைதானத்துப் பள்ளியோடு அல்லது அதற்குப் பிறகுதான் சொன்னார்களாம். பிறகு வீடியோவை ஹெட்போன் போட்டுக் கேட்டேன். அது மஜீட் மாமாவின் குரலே இல்லை. அவர் தொடங்க முதல் ஒரு செருமல் வரும். இதில் செருமல் இல்லை. மக்காவில் சொல்வதுபோல் தேன் மாதிரிக் குரல்.

அதாவது அந்த நேரத்தில் எந்தப் பள்ளியும் சொல்லாத ஒரு பாங்கு மைதானத்தில் கேட்டிருக்கிறது. ரெக்கோட். யாரோ போட்டிருக்கிறார்கள். எங்கள் அடி வாவியை நோக்கி உருளும்போது ஆட்டத்தை நிறுத்த யாருக்குத் தேவை? காத்தான்குடிக்குத்தான். அவர்கள் கெப்டன் அஹமட் அந்த நேரம் போனோடு நின்றதை நானே கண்டேன்.

பாங்கை வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். நீயும் ஏமாந்திருக்கிறாய். வீடியோ வெட்டி முடித்துவிட்டேன், தலைப்பும் போட்டுவிட்டேன், வியாழக்கிழமை இரவு போடப்போகிறேன். இந்தத் தரம் ஐயாயிரம் ஷெயார் போகும். உன் பெயரும் வெளுத்துவிடும்.

நீ ஹோமுக்குப் பின்னால் நின்றவன். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மட்டும் எழுது. புளொக்கையும் எடுத்துவிடேன்டா.

இஷாம்


தன்னாமுனை
13.08.2025

இஷாம்,

போடாதே. இதை வாசித்து முடித்ததும் அந்த வீடியோவை அழி. ஏறாவூரும் காத்தான்குடியும் பாங்குக்காகச் சண்டை பிடித்தால் அது பேஸ்போலோடு நிற்காது.

அஹமட் இல்லை. சத்தம் உங்கள் ஓட்டோவிலிருந்து வந்தது.

உன் போனில் லைவ் போனது. அதனால் பாட்டுப் போட ஸுஹைனா அக்காவின் போனை வாங்கி ஸ்பீக்கருக்குக் கனெக்ட் பண்ணி வைத்தாய். ரோஸ் நிறக் கவர், ஒரு மூலை வெடித்தது. அக்காவின் போனில் தொழுகை நேரத்துக்குப் பாங்கு சொல்லும் ஆப் இருக்கிறது. ஆப் எப்போதும் பள்ளியை விடக் கொஞ்சம் முந்தும், உனக்கே தெரியும், நோன்பு நேரத்தில் அதைப் பார்த்துப் பேரீச்சம்பழத்தில் கை வைத்துப் பேச்சு வாங்கியவன் நீ.

எனக்கும் நிற்பாட்டும்போது தெரியாது. பள்ளிப் பாங்கென்றுதான் கை தூக்கினேன். பஸ்லான் என்னை நோக்கி ஓடி வரும்போதுதான் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருவதைக் கவனித்தேன். போய்ப் பார்த்தேன். திரை மினுங்கிக்கொண்டிருந்தது. பாங்கை நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாரும் காணாதபடி பெட்டியை மறைத்துக்கொண்டு, முடியும் வரை நின்றேன். அதைத்தான் நீ "கள்ளன் போகும் வழி" என்று போட்டிருக்கிறாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்த இடத்தில் அத்தனை பேர் கத்திக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பொம்பிளப் பிள்ளையின் போனால் கப் போனது என்று நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? உன் பேஜில் எனக்கு வந்த கொமென்ட் எல்லாம் அக்காவின் பெயரில் வந்திருக்கும். எனக்கு வந்ததை அம்மா வாசித்தாள். அக்காவுக்கு வந்ததை உன் உம்மா வாசித்திருப்பா.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பயிற்சி அடுத்த வருஷமும் வரும். அக்காவிடம் சொல்லாதே.

அன்ரோ


ஏறாவூர்
14.08.2025

அன்ரோ,

அக்காவிடம் சொல்லாதே என்று எழுதி, அந்தக் கடிதத்தை அக்காவின் கையிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறாய். கவரையும் ஒட்டவில்லை.

பஸ்ஸிலேயே வாசித்துவிட்டாள். வந்து பையைக்கூடக் கழற்றவில்லை. நான் கம்ப்யூட்டருக்கு முன்னால், இரவு போடவிருந்த வீடியோவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"போன் தரக்குள்ள நான் ஒனக்கு என்ன சொன்னன்?"

"என்ன சொன்னீங்க?"

"சைலன்ட்ல போட்டு வெய்யிடா எண்டு சொன்னன். நீ என்ன சொன்னாய்? சைலன்ட்ல போட்டா பாட்டுக் கேக்காது ராத்தா எண்டு சிரிச்சாய்."

கடிதத்தை மேசையில் போட்டாள். வாசித்தேன். அன்ரோ, இரண்டு கிழமையாக ஊரெல்லாம் கள்ளனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கள்ளன் நான் கட்டிய ஸ்பீக்கர்.

"நான் சொல்றன் ராத்தா," என்றேன். "ஒங்கட பேர் வராம, என்ட போன் எண்டு போடுறன்."

அப்போதுதான் அவளுக்கு உண்மையாகக் கோபம் வந்தது.

"ஏன்? என்ட பேருக்கு என்ன வந்த? பாங்கு சொல்ற போன் வெச்சிருக்கிறது குத்தமா? ஒருத்தன் என்ட பேரைக் காப்பாத்துறன் எண்டு வாயைப் பொத்திட்டு நிக்கான், மத்தவன் பொய்யைச் சொல்லிக் காப்பாத்தப் பாக்கான். ரெண்டு பேரும் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா? நீங்க மறைக்கிறதுக்கு நான் என்னடா செஞ்சன்?"

உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சத்தம் அங்க?" என்றா. "ஒண்டுமில்ல உம்மா, ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு மீட்டிங், நீங்களும் வாறீங்க," என்றாள் ராத்தா.

காத்தான்குடி வீடியோவை அழித்தேன், அவள் பார்த்துக்கொண்டிருக்கவே. உன்னுடைய வீடியோவையும் எடுத்தேன். எடுத்து என்ன? வேறு பேஜ்களில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒருவன் அதற்கு இன்னும் பெரிய பாட்டுப் போட்டிருக்கிறான். நான் போட்டதை என்னால் அழிக்க முடியவில்லை என்பதை நம்பவே முடியாமல் இருக்கிறேன்.

ஒரு நல்ல விஷயம். அஹமட்டைக் கண்டு முழுக்கச் சொன்னேன். அவன் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. "அந்தக் கடைசிப் பந்தை மட்டும் திரும்பப் போடுவம். நாங்க ரெடி," என்றான். கப்பையும் கொண்டுவருவானாம். நீ ஓம் என்றால் போதும். ஓம் சொல்லுடா. பஸ்லான் இப்போதே மட்டையைத் துடைக்கிறான்.

இஷாம்


தன்னாமுனை
18.08.2025

இஷாம்,

நேற்று நீ வாசலிலேயே நின்றுவிட்டாய், அதனால் உள்ளே நடந்ததை எழுதுகிறேன். எனக்கு முகம் கொடுக்க வெட்கம் என்றால் அடுத்த தரம் தொப்பி போட்டுக்கொண்டு வா.

லீக் தலைவர் என்னைப் பார்த்து, சொல்ல ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பின்னாலிருந்து ஸுஹைனா அக்கா எழும்பி, "அவருக்கு இல்ல, எனக்கு இரிக்கி," என்றா. நேரே வந்து போனை மேசையில் வைத்தா. ஒன்றும் மறைக்காமல் சொன்னா. தலைவர் போனைத் தொடாமலே கேட்டார்:

"இதுதானா பிள்ள அந்தப் போன்?"

"ஓம் சேர். பயப்படாதீங்க, இப்ப சைலன்ட்ல இரிக்கி."

பஸ்லான்தான் முதலில் சிரித்தான். அங்கேயே முறைப்பாட்டை வாபஸ் வாங்கினான். வெளியே வந்து என் தோளில் கை போட்டான். உன் உம்மா எனக்கு ஒரு டொஃபி தந்தா.

ஆனால் சிபாரிசு இன்னும் தொங்குகிறது. கொழும்பில் பயிற்சிக்குப் பொறுப்பானவர்களும் உன் வீடியோவைக் கண்டிருக்கிறார்கள். தலைவர் போன் எடுத்துக் கதைத்தார். "பிரச்சினை வெளியில தெளிவாகட்டும், மறுகா பாப்பம்" என்கிறார்களாம். மாதக் கடைசியோடு பெயர் எடுப்பது முடிகிறது. லீக் செய்யக்கூடியதைச் செய்துவிட்டது. மற்றது வெளியில், அந்த வீடியோவைப் பார்த்தவர்களிடம் இருக்கிறது.

கடைசிப் பந்தைப் பற்றி. அஹமட்டுக்கு என் நன்றி. ஆனால் முடியாது.

கோபத்தில் சொல்லவில்லை. டைம் சொன்ன பிறகு ஓடிய ஓட்டம் ஓட்டமில்லை. பாங்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்றால், அடுத்த தரம் எல்லாரும் ஓடிக்கொண்டே இது எந்தப் பள்ளி, எந்தப் போன் என்று விசாரிப்பார்கள். கேட்டது, நின்றோம். அந்த ரூலின் அழகே அதுதான். ஏழுக்கு ஆறு. காத்தான்குடி சம்பியன். பஸ்லான் மட்டையை அடுத்த வருஷத்துக்குத் துடைக்கட்டும்.

இதை நீ எப்படி எடுப்பாய் என்று தெரியாது. புளொக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் பதிலைக் கடிதமாகவே எழுது. உன் எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தாலும் அம்மாவுக்கு வாசிக்கப் பிடித்திருக்கிறது.

அன்ரோ


ஏறாவூர்
22.08.2025, வெள்ளி

அன்ரோ,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஓட்டோவில் போய் அதே இடத்தில், பெட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அங்கிருந்து ஹோம் தெரிகிறது. கத்துகிற எல்லா முகமும் தெரிகிறது. என் முகம் எங்கே நின்றது என்றும் தெரிந்தது.

நீ முடியாது என்றதற்கு முதலில் எனக்குக் கொதித்தது. கப் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்ததே. பிறகு பஸ்லானிடம் சொன்னேன். அவன் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அவன் உண்மையான அம்பயர்தான்" என்றான்.

செவ்வாய்க்கிழமை உண்மையைப் போட்டேன். சத்தத்தோடு, பாட்டு இல்லாமல், முழு வீடியோ. ராத்தாவே போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினாள். மஜீட் மாமாவும் வந்து ஒரு தரம் செருமிக் காட்டினார்.

இன்றைக்கு மூன்றாம் நாள். எத்தனை ஷெயார் தெரியுமா? பதினொன்று. அதில் ஒன்று உன் அம்மா. ஒன்று டினுஷா. ஒன்று ராத்தா, அவளே. ஒன்று அஹமட். பொய் மூன்று நாளில் கட்டாருக்குப் போனது. உண்மை இன்னும் ஏறாவூர்ப் பஸ் நிலையத்தைத் தாண்டவில்லை. இத்தனை நாளில் நான் பட்ட அதிர்ச்சி எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்தப் பதினொன்றுக்கு ஈடாகாது. ஆட்களை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அதனால் இன்று ஜும்மாவுக்குப் பிறகு இதைப் போடுகிறேன். உனக்கு முதலில் காட்டுகிறேன். ஒரு சொல்லும் மாற்றாதே.

"இந்தப் பேஜில் 'கள்ளன் போகும் வழி' பார்த்து ஷெயார் பண்ணின எல்லாருக்கும். அந்த ஆள் கள்ளன் இல்லை. பாங்கு கேட்டது, அவர் நிற்பாட்டினார். அந்தப் பாங்கு நான் ஸ்பீக்கரில் கனெக்ட் பண்ணின என் ராத்தா ஸுஹைனாவின் போனில் வந்தது. சைலன்டில் போடச் சொன்னா, நான் போடவில்லை. அன்ரோவுக்கு அது தெரிந்தும் ஒரு பிள்ளையின் பெயர் உங்கள் வாயில் விழக்கூடாது என்று பேச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கடைசிப் பந்தைத் திரும்பப் போட அஹமட் ஆட்கள் சம்மதித்தும், தீர்ப்பு தீர்ப்புத்தான் என்று சொன்னதும் அவர்தான். நாங்கள் தோற்றோம். காத்தான்குடி வென்றது. இந்த மாதம் முடிய முதல் கொழும்பில் உள்ளவர்கள் இதைக் காண வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய அம்பயர் பயிற்சி போய்விடும்.

நாளை சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாவிக்கரை மைதானத்தில் ஏறாவூரும் காத்தான்குடியும் சும்மா ஒரு ஆட்டம். கப் இல்லை. அம்பயர் அன்ரோ. ஸ்பீக்கர் இல்லை. வாருங்கள், அவருடைய முகத்தைப் பார்த்து ஒரு சலாம் சொல்லுங்கள். மஜீட் மாமா செருமினதும் எல்லாரும் நிற்போம்.

வர முடியாதவர்கள் ஒன்று செய்யுங்கள். முதல் வீடியோவை எந்த விரலால் ஷெயார் பண்ணினீர்களோ, அதே விரலால் இதையும் பண்ணுங்கள். இதுவரை பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆள் நீங்கள்."

இஷாம்